காணாமற்போன கணினிப் பணப்பை

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் சிறிது நூதனமானது. கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது அதிலிருந்த கிரிப்டோப் பணப்பை காணாமற் போய்விட்டால் அதை மீட்க வழியுண்டா என்பதே அது. இளைஞர்கள் இக்கேள்வியைக் கேட்கின்றனர். பெரியோர்களோ, "பணப்பை எப்படியப்பா கணினிக்குள் போயிற்று?" என்று கேட்கின்றனர். பெரியோர்களுடைய கேள்விக்கு முதலில் விடை சொன்னால் இளைஞர்களுடைய கேள்விக்குப் பாதி விடை தானே வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

பிட்கொயின் என்னும் நாணயம் 2009ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதி தொடங்கிற்று. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குள் ஒளிந்திருந்த ஒருவரோ பலரோ அதை இயற்றினர். அது கையில் எடுத்துக் காட்டக்கூடிய நாணயமன்று. ஒரு பேரேட்டில் உள்ள கணக்கு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் செக்ரோல் புத்தகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அந்தப் புத்தகம் ஒபிஸில் ஒன்றாக இராமல், பிரதி பிரதியாக உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றது. எவரும் திறந்து பார்க்கலாம். ஆனால் அதில் ஆட்பெயர் இல்லை. நீண்ட எழுத்துக் கோவைகளான முகவரிகளே உண்டு. இன்ன முகவரியில் இவ்வளவு இருக்கின்றது என்பது மாத்திரம் தெரியும். அந்த முகவரிக்குரிய இரகசிய எண் எவரிடம் இருக்கின்றதோ அவரே அதிலுள்ளதைச் செலவு செய்யலாம். அந்த இரகசிய எண்ணைக் காத்து வைக்கும் கோப்பையே பணப்பை என்கிறோம். பெயர் பொருந்தாத பெயர். உள்ளே பணம் இல்லை. சாவி மட்டும் இருக்கின்றது.

ஆகவே கணினி அழிந்தாலும் நாணயம் அழிவதில்லை. அது பேரேட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். "என்னுடையது" என்று காட்டும் வழிதான் அழிந்து போகின்றது.

இந்த நிலை மலையகத்தாராகிய நமக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம் பாட்டன்மார் இந்த மலைகளில்தான் இருந்தனர். அவர்கள் நட்ட தேயிலையும் இங்கேதான் நின்றது. இருப்பது வேறு, இருப்பதை நிரூபிப்பது வேறு என்று சட்டம் சொல்லிற்று. தகப்பனுடைய பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் விவாகமானவர் ஏழு ஆண்டும், ஆகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? கண்ணெதிரே இருக்கும் மனிதன் காகிதமின்மையால் இல்லாதவனாகி நின்றான். எனினும் அந்தக் குறையைத் திருத்தவும் ஒரு வாசல் இருந்தது. மனுக் கொடுக்கலாம், போராடலாம், வாதாடலாம். அரை நூற்றாண்டு கடந்தாலும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்ற முடிந்தது. பிட்கொயின் பேரேட்டுக்கு ஆணையாளர் இல்லை, பாராளுமன்றமும் இல்லை. வங்கிப் புத்தகம் தொலைந்தால் அடையாள அட்டையோடு போய் நிற்கலாம். சேமலாப நிதி அட்டையில் பெயர் பிழைத்தால் சத்தியக் கடதாசி முடித்துத் திருத்தலாம். இங்கே எவரிடம் போய் நிற்பது? அதன் பெருமை என்று சொல்லப்படுவதும் இதுவே, ஆபத்தும் இதுவே.

இப்போது இளைஞருடைய கேள்விக்கு வருவோம். டிக்கோயாவிலிருந்து ஒரு தம்பி லப்டொப்பை ஹட்டனில் ஒரு கடையில் கொடுத்து, "மெதுவாக வேலை செய்கிறது, விண்டோஸ் அடித்துத் தாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் எடுத்துப் பார்த்தால் மெசின் பறக்கின்றது; பணப்பை இல்லை. இவர் முதலில் தம்மையே கேட்க வேண்டியது, என் சாவி உண்மையில் எங்கே இருந்தது என்பதாகும்.

கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் நிலையமொன்றில் கணக்கு வைத்திருந்தவராயின், சாவி அந்த நிலையத்தாரிடம் இருந்தது. தம்பியின் கணினியில் இருக்கவேயில்லை. வேறு எந்தக் கணினியிலிருந்தும் தம் கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே போகலாம். அழத் தேவையில்லை. (நிலையத்தாரை நம்பலாமா என்பது வேறு கதை, அதற்கும் வருவேன்.)

பணப்பையைத் தொடங்கியபோது திரையில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தோன்ற அவற்றைக் காகிதத்தில் எழுதி வைத்தவராயின், அவரும் அழத் தேவையில்லை. 2013ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறை இது. 2,048 எளிய சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து சொற்கள் எடுக்கப்படுகின்றன. அந்தச் சொற்களிலிருந்தே சாவிகள் அனைத்தையும் திரும்பப் பிறப்பிக்கலாம். அதே பணப்பை மென்பொருளைப் புதிதாகப் போட்டு, "மீட்பு" என்ற இடத்தில் சொற்களை வரிசையாக இட்டால் வேலை முடிந்தது. மிஷன் பாடசாலையில் படித்தவனாதலால், வேத வசனத்தில் ஒரு சொல் இடம் மாறினாலும் வாங்கின் மேல் ஏறி நிற்க வேண்டும் என்ற பயம் எனக்கு இன்னும் உண்டு. வீட்டிலே பாட்டியிடம் தேவாரம் ஒப்புவித்தபோதும் அதே கண்டிப்புத்தான். இந்தப் பன்னிரண்டு சொற்களும் அந்த இனம்; வரிசை பிசகக் கூடாது.

பிசகினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகப் பார்த்தால் சுவையாக இருக்கும். பன்னிரண்டில் ஒரு சொல் மட்டும் மை அழிந்து படிக்க முடியாவிட்டால், சோதிக்க வேண்டியவை 2,048. கணினிக்கு அது ஒரு நொடி வேலை. இரண்டு சொற்கள் போனால் 41,94,304, அதுவும் ஆகக்கூடியதே. சொற்கள் யாவும் இருந்து வரிசை மட்டும் கலைந்திருந்தால் 47,90,01,600 விதம்; பொறுமையோடு செய்யலாம். பன்னிரண்டும் போய்விட்டாலோ, வரும் எண் 40 இலக்கங்கள் கொண்டது. உலகத்துக் கணினிகளையெல்லாம் ஒன்று சேர்த்தாலும் பயனில்லை. "என்னிடம் விசேஷ மென்பொருள் உண்டு, சொற்கள் இல்லாமலே கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் இந்த 40 இலக்கங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களும் இல்லை, நிலையத்தில் கணக்கும் இல்லை, சாவி அந்த லப்டொப்பில் மட்டுந்தான் இருந்தது என்றால், அங்கேதான் மெய்யான சங்கடம். பழைய பிட்கொயின் மென்பொருளில் 'வொலெட் டட்' என்ற ஒரு சிறு கோப்பிலேயே எல்லாச் சாவிகளும் இருந்தன. இத்தகையவர் செய்ய வேண்டிய முதற் காரியம், ஒன்றும் செய்யாமலிருப்பது. கணினியை உடனே நிறுத்திவிட வேண்டும். படம் பார்க்கக் கூடாது, பாட்டு இறக்கக் கூடாது, மீட்பு மென்பொருளைக் கூட அந்த டிஸ்க்கிலேயே போடக் கூடாது.

காரணம் சொல்லுகிறேன். தோட்டத்து ஒபிஸில் செக்ரோல் புத்தகம் எரிந்து போனால் தொழிலாளர் மறைந்துவிடுவதில்லை, லயங்களில் இருக்கிறார்கள். ஒபிஸோ, காம்பராக்களெல்லாம் காலி என்று எண்ணிப் புதிய ஆட்களை ஒவ்வொன்றாகக் குடியேற்றத் தொடங்கும். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது வழக்கமாக நடைபெறும் விரைவு ஃபோர்மட்டும் அப்படித்தான். எந்தக் கோப்பு எந்த இடத்தில் என்ற அட்டவணை போகின்றது. கோப்பின் உள்ளடக்கம் அந்தந்த இடத்திலேயே கிடக்கின்றது, வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரையில். புதிய விண்டோஸே ஏறக்குறைய இருபது ஜிகாபைட் இடத்தை எழுதிவிட்டது. அதற்குமேல் நாம் எழுதும் ஒவ்வொன்றும் ஒரு பழைய காம்பராவின் கதவை உடைக்கிறது. ஆனால் முழு ஃபோர்மட் செய்திருந்தால், விண்டோஸ் விஸ்டா காலந்தொட்டு, டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுதப்பட்டு விடும். பிறகு தேடுவதற்கு ஒன்றுமில்லை.

ஃபோர்மட் செய்யாமலே விண்டோஸைப் போட்டிருந்தால் நல்ல காலம். பழைய கோப்புகள் 'விண்டோஸ் ஓல்ட்' என்ற பெயருள்ள உறைக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். பழைய பயனருடைய கோப்புறையில் 'அப் டேட்டா', அதனுள் 'ரோமிங்', அதனுள் 'பிட்கொயின்' என்று போய்ப் பார்த்தால் கிடைக்கலாம். 'அப் டேட்டா' மறைந்திருக்கும் கோப்புறை. மறைந்தவற்றைக் காட்டும்படி சொன்னாலன்றிக் கண்ணில் படாது. மெட்டாமாஸ்க் போன்ற உலாவிப் பணப்பைகளாயின், உலாவியினுடைய கோப்புறையைத் தேட வேண்டும். அதைத் திறக்கப் பழைய கடவுச்சொல்லும் வேண்டும். இந்தப் பழைய உறையைப் பத்து நாளளவில் விண்டோஸ் தானே துடைத்துவிடுவது வழக்கமாதலால் தாமதம் ஆகாது.

உறையும் இல்லையாயின், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, முதலில் அதன் முழுப் பிரதியொன்றை வேறு டிஸ்க்கில் எடுத்து, அந்தப் பிரதியிலேயே தேட வேண்டும். மூலத்தைத் தொடக் கூடாது. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இரண்டு மென்பொருள்கள் இலவசமாகவே உள்ளன. இவையெல்லாம் சுழலும் பழைய ஹாட் டிஸ்க்குக்குச் சொன்னவை. இப்போது வரும் லப்டொப்புகளில் இருப்பதோ எஸ்.எஸ்.டி. அதிலே 'ட்ரிம்' என்றொரு ஏற்பாடு உண்டு. இன்ன இடங்கள் இனி வேண்டாதவை என்று விண்டோஸ் சொன்னவுடன், டிஸ்க் தன் வேகத்தின் பொருட்டு அவற்றைத் தானே வெறுமையாக்கி விடும். லயம் காலி என்று கேட்டதும் இடித்தே விடுகின்ற துரையைப் போல! ஆதலால் எஸ்.எஸ்.டி.யில் ஃபோர்மட் செய்தபின் மீட்பு கைகூடுவது அரிது. பிட்லொக்கர் பூட்டுப் போட்டிருந்த டிஸ்க்காயின் அதனினும் அரிது. இதை மறைத்து நம்பிக்கை ஊட்டுவது நியாயமன்று என்று கருதுகிறேன்.

பிரதி எடுத்து வைத்தால் போதுமா என்று கேட்பீர்கள். 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 'ஸ்டோன் மேன்' என்ற புனைபெயருடைய ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறேன். ஒரு பிட்கொயின் பத்து அமெரிக்கச் சதத்துக்கும் குறைவாக விற்ற காலம் அது. அவர் 9,000 வாங்கினார். கணினியில் நிலையாகப் போடாமல், வட்டிலிருந்தே இயங்கும் லினக்ஸில் பணப்பையை நடத்தினார். ஒழுங்கானவர்; பிரதியும் எடுத்து வைத்தார். பின்னர் பரீட்சைக்காக ஒரே ஒரு நாணயத்தைத் தமக்கே அனுப்பினார். ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்து ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மிச்சம் 990 திரும்பி வருமல்லவா? அவ்வாறே மிச்சமான 8,999 திரும்பி வந்தது. ஆனால் பழைய முகவரிக்கு அல்ல, மென்பொருள் அப்போதே உண்டாக்கிய புதிய முகவரிக்கு. அதன் சாவி முன்னர் எடுத்த பிரதியில் எப்படி இருக்கும்? கணினியை நிறுத்தினார், வட்டிலிருந்து இயங்கிய யாவும் மறைந்தன. பிரதி கையில் இருந்தது, 8,999 போயிற்று. அந்த ஆண்டிலேயே, நூறு சாவிகளை முன்கூட்டியே ஆக்கி வைக்கும்படி மென்பொருளைத் திருத்தினார்கள். 2016ஆம் ஆண்டில் வந்த பதிப்பிலிருந்து, எல்லாச் சாவிகளும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கும் முறையும் அதில் ஏற்பட்டது. ஆதலால் 2016க்கு முற்பட்ட பழைய பிரதியொன்று கிடைத்தால் ஆனந்தப்படுமுன், அது எந்த நாளைய பிரதி, அதற்குப் பின் எத்தனை முறை பணம் அனுப்பினோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொருளே குப்பைக்குப் போன கதையும் உண்டு. வேல்ஸ் தேசத்து நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவர் 2009ஆம் ஆண்டில் சேர்த்த 8,000 பிட்கொயின்களின் சாவி இருந்த ஹாட் டிஸ்க், 2013ஆம் ஆண்டில் நகரக் குப்பை மேட்டுக்குப் போய்விட்டது. தோண்டித் தேட அனுமதி வேண்டும் என்று ஆண்டுக் கணக்கில் நகர சபையைக் கேட்டார், சபை இணங்கவில்லை. வழக்குப் போட்டார். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. ஸ்டீபன் தோமஸ் என்ற மென்பொருளாளருடைய நிலை வேறு. 7,002 பிட்கொயின்களின் சாவி ஐயன்கீ என்னும் பூட்டுள்ள பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. கடவுச்சொல் எழுதிய காகிதந்தான் காணாமற் போயிற்று. பத்து முறை தவறினால் அந்தக் கருவி தன்னைத்தானே பூட்டிக் கொள்ளும். 2021ஆம் ஆண்டில் செய்தி வெளியானபோது எட்டு முறை தவறியிருந்தார்.

மீட்டவர்களும் இலர் என்று நினைக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டில் ஜோ கிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளரும் அவருடைய ஜெர்மானிய நண்பரும் 43.6 பிட்கொயின் உள்ள பணப்பையொன்றைத் திறந்தனர். அதன் உடைமையாளர் 2013ஆம் ஆண்டில் ரோபோஃபோர்ம் என்ற மென்பொருளைக் கொண்டு இருபது எழுத்துக் கடவுச்சொல்லை ஆக்கியிருந்தார். அந்த மென்பொருளின் பழைய பதிப்பு, கணினியின் கடிகாரத்தைப் பார்த்தே கடவுச்சொல்லைப் பிறப்பித்தது என்பதைக் கண்டனர். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, நாள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 2013 மே 15ஆந் திகதி மாலை 4 மணி 10 நிமிஷத்தில் பிறந்த கடவுச்சொல்லைப் பிடித்துவிட்டனர். மந்திரமன்று, துப்பு ஒன்று இருந்தது. கடவுச்சொல்லின் பாதி ஞாபகம், எழுதிய காலம், வழக்கமாக உபயோகிக்கும் சொற்கள், இப்படி ஏதேனும் ஒரு துப்பு இருந்தால் இத்தகைய முயற்சி பலிக்கலாம்.

சாவி தொலைந்தது என்ற பேச்சே சில வேளை பொய்யாகவும் இருக்கும். கனடாவில் குவாட்ரிகா என்ற கிரிப்டோ நிலையத்தை நடத்திய ஜெரால்ட் கொட்டன், 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் முப்பது வயதில் இறந்தார். சாவிகள் யாவும் அவருடைய பூட்டிய லப்டொப்பில் உள்ளன, கடவுச்சொல் வேறெவருக்கும் தெரியாது என்று சொல்லப்பட்டது. 76,000 பேருக்கு ஏறக்குறைய 21.5 கோடி கனேடிய டொலர் சேரவேண்டியிருந்தது. கணக்காய்வாளர்கள் பேரேட்டைத் திறந்து பார்த்தபோது, பெட்டகம் என்று சொல்லப்பட்ட முகவரிகள் அவர் இறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வெறுமையாய்க் கிடந்தன. அது மோசடியே என்று ஒன்ராறியோ பங்கு பிணையங்கள் ஆணைக்குழு 2020ஆம் ஆண்டில் எழுதிற்று. நம் நாட்டிலும் மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இந்நாணயங்களைக் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. கடனட்டை, வரவட்டை கொண்டு இவற்றை வாங்க அனுமதியில்லை என்பதையும் 2022இல் நினைவூட்டிற்று. நான் இவற்றை வாங்கும்படி சொல்ல வரவில்லை. வாங்கிவிட்டவர் கையிலுள்ளதை இழக்காதிருக்க வேண்டும் என்பதற்காகவே பேசுகிறேன். கொழும்பில் கடை வேலை செய்தோ, அம்மா கொழுந்தெடுத்த கூலியில் மிச்சம் பிடித்தோ சேர்ந்த காசு அது.

சொற்களை எங்கே வைப்பது? ஃபோனில் படம் எடுத்து வைப்பவர்கள் உண்டு. அது சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதாகும். மனத்தில் மாத்திரம் வைப்பேன் என்பவர், காய்ச்சலில் படுத்தாலே பாதியை மறப்பார். நம் வீடுகளில் பிறப்புப் பத்திரமும் சேமலாப நிதி அட்டையும் அடகுச் சீட்டும் இருக்கும் தகரப் பெட்டியை நான் மதிக்கிறேன். ஆனால் லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டு போவதைக் கண்டவர்கள் நாம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வீடுகளோடு மனிதரும் பத்திரங்களும் புதைந்தன. ஆகவே இரண்டு காகிதம், இரண்டு வெவ்வேறு இடத்தில், பென்சிலால் அல்லாமல் நல்ல மையால், அச்செழுத்துப் போல் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கேனும் அது என்ன காகிதம் என்று சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால், பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்யும்போது, "என்னமோ இங்கிலீசு எழுதியிருக்கிறது" என்று அம்மா அடுப்பில் போட்டுவிடுவார், அவர்மேல் குற்றமில்லை.

இனி ஒரே எச்சரிக்கை. பணப்பையை இழந்தவன் வருத்தத்தில் நாலு பேரிடம் சொல்லுவான். உடனே, "மீட்டுத் தருகிறோம்" என்று முன்பின் அறியாதவர்களிடமிருந்து செய்தி வரும். முற்பணம் கேட்பார்கள், அல்லது "சரிபார்க்க வேண்டும், உங்கள் பன்னிரண்டு சொற்களை அனுப்புங்கள்" என்பார்கள். சொற்கள் கையில் இருப்பவனுக்கு மீட்பவன் எதற்கு? இருந்தும் எத்தனையோ பேர் அனுப்பிவிடுகிறார்கள்.

கூட்டம் முடிந்தபின் சந்தேகமுள்ளவர்கள் டிஸ்க்கைக் கொண்டு வரலாம். என்னாலும் சங்கத்துத் தோழர்களாலும் ஆனதைப் பார்க்கிறோம். காகிதத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்தச் சொற்களை என்னிடங்கூடக் காட்ட வேண்டாம்.